பரிசோதனைக்கு ஒரு வழித்துணை: ஹவாய்த் தீவுகள் சொல்லும் பாடம்

மொலொக்காய் தீவில் போக்குவரத்து விளக்கு ஒன்றுகூடக் கிடையாது. பசிபிக் பெருங்கடலின் நடுவில், ஹவாய்த் தீவுக்கூட்டத்தில், ஒவாஹூவுக்கும் மாவிக்கும் இடையே நீண்டு கிடக்கும் இந்தத் தீவில் ஏறத்தாழ 7,000 பேர் வாழ்கிறார்கள். ஹவாயின் பூர்வகுடியினரும், அன்னாசித் தோட்டங்களில் வேலை செய்ய வந்த பிலிப்பினோ மக்களின் வழித்தோன்றல்களும் அவர்களில் கணிசமானோர். சிறிய மருத்துவமனை ஒன்று உண்டு. ஆனால், புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு சிகிச்சை தேவைப்பட்டால் விமானம் ஏறி ஹொனலுலுவுக்கோ மாவிக்கோ போயாக வேண்டும். அந்தச் சிகிச்சை ஒரு நாளில் முடிவதில்லை. வாரத்துக்கு ஐந்து நாள் என்று பல வாரங்கள் தொடரும்.

இப்படிப்பட்ட ஊரில் நோயை முற்றவிடாமல் முன்கூட்டியே கண்டுபிடிப்பது எவ்வளவு அவசியம் என்று சொல்லத் தேவையில்லை. அதற்கு என்ன செய்வது? நவீனக் கருவிகள் வாங்கலாம். துண்டுப் பிரசுரம் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கலாம். மொலொக்காய் பொது மருத்துவமனை வேறொரு வழியை முயன்று பார்த்தது. கருவியையும் காகிதத்தையும் மட்டும் நம்பாமல், மனிதர்களை நம்பியது.

கையேடா, கைத்துணையா?

'குகுயி ஆஹி' என்ற பெயரில் நடந்த அந்தத் திட்டத்தில் 488 பேர் சேர்க்கப்பட்டனர். எல்லாரும் முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேரில் இருந்தவர்கள். அதாவது, காப்பீட்டு அட்டை ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்தது. குலுக்கல் முறையில் இவர்கள் இரண்டு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு குழுவில் 246 பேர். இவர்களுக்கு ஊட்டச்சத்து பற்றிய விளக்கமும் புற்றுநோய் பற்றிய தகவல் ஏடுகளும் கிடைத்தன. மற்றொரு குழுவில் 242 பேர். இவர்களுக்கு ஒரு வழித்துணை கிடைத்தார்.

வழித்துணை என்பவர் மருத்துவர் அல்லர், தாதியும் அல்லர். அதே ஊரைச் சேர்ந்த, பயிற்சி பெற்ற சாதாரண மனிதர். எந்த வயதில் எந்தப் பரிசோதனை வேண்டும் என்று எடுத்துச் சொல்வார். மருத்துவரைப் பார்க்கும் நாளை நினைவூட்டுவார். வாகனம் இல்லையென்றால் அதற்கு ஏற்பாடு செய்வார். படிவங்களை நிரப்ப உதவுவார். மருத்துவர் சொன்னது புரியவில்லை என்றால் மறுபடி விளக்குவார்.

ஆய்வின் தொடக்கத்தில் இரு குழுக்களிலும் பரிசோதனை செய்துகொண்டோரின் விகிதம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. முடிவில் என்ன ஆனது? வழித்துணை கிடைத்த பெண்களில் 61.7 விழுக்காட்டினர் கடந்த 12 மாதங்களில் மெமோகிராம் எடுத்திருந்தனர். மற்ற குழுவில் அது 42.4 விழுக்காடு. பெருங்குடலைக் குழாய்க் கேமரா மூலம் பார்க்கும் பரிசோதனையை ஐந்தாண்டுகளுக்குள் செய்துகொண்டோர், வழித்துணை உள்ள குழுவில் 43 விழுக்காடு, மற்றதில் 27.2 விழுக்காடு. 2015இல் இந்த முடிவுகள் அமெரிக்க முதியோர் மருத்துவக் கழகத்தின் ஆய்விதழில் வெளிவந்தன.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த ஆய்வு பரிசோதனைகளின் எண்ணிக்கையைத்தான் அளந்தது. எத்தனை உயிர்கள் பிழைத்தன என்பதை அளக்கவில்லை. அதற்கு இன்னும் பெரிய மக்கள்தொகையும் நீண்ட காலமும் தேவை. ஆனால், பெருங்குடலில் தோன்றும் சிறு சதை வளர்ச்சி புற்றுநோயாக மாறப் பொதுவாகப் பத்தாண்டு அளவுக்கு ஆகும் என்பது மருத்துவ உலகம் அறிந்தது. அந்த இடைவெளியில் அதைக் கண்டுபிடித்து அகற்றிவிட்டால், அந்த இடத்தில் புற்றுநோய் வராமலே தடுக்கலாம். பரிசோதனைக்குப் போகிறவர்கள் கூடுவது ஏன் முக்கியம் என்பது இதிலிருந்தே விளங்கும்.

ஹார்லெமில் பிறந்த யோசனை

வழித்துணை என்ற இந்த ஏற்பாடு தீவுகளில் பிறந்ததல்ல. நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின ஏழை மக்கள் வந்துபோகும் பொது மருத்துவமனையில் அறுவை சிகிச்சை நிபுணராக இருந்த ஹெரால்ட் ஃப்ரீமன், 1990இல் இதைத் தொடங்கினார். தம்மிடம் வரும் பெண்களில் பலர் மார்பகப் புற்றுநோய் முற்றிய பிறகே வருவதை அவர் ஆண்டுக்கணக்கில் பார்த்துவந்தார். 1986ஆம் ஆண்டு வரையிலான 22 ஆண்டுகளில் அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்ற மார்பகப் புற்றுநோயாளிகளில் 39 விழுக்காட்டினரே ஐந்தாண்டுகள் உயிருடன் இருந்தனர். இலவசப் பரிசோதனையும் வழித்துணையும் சேர்ந்து வந்த பிறகு, 1995 முதல் 2000 வரை சிகிச்சை பெற்றவர்களில் இது 70 விழுக்காடாக உயர்ந்தது.

ஹவாயில் இந்த யோசனைக்கு மண்ணுக்கேற்ற பெயர் கிடைத்தது. 'ஹொஒகெலே' என்றால் ஹவாய் மொழியில் படகைச் செலுத்தி வழிகாட்டுபவர். நட்சத்திரங்களையும் அலைகளையும் பார்த்தே கடல் கடந்த முன்னோர்களைக் கொண்ட மக்களுக்கு அந்தச் சொல்லின் கனம் தெரியும். 1976இல் ஹொக்குலேயா என்ற இரட்டைப் படகு நவீனக் கருவி எதுவுமின்றி ஹவாயிலிருந்து தஹிட்டிக்குச் சென்று சேர்ந்தது அம்மக்களுக்கு இன்றும் பெருமை. 2000இல் தொடங்கிய 'இமி ஹலே' என்ற பூர்வகுடிப் புற்றுநோய்த் தடுப்பு அமைப்பு, வழித்துணைகளைப் பயிற்றுவிக்கும் தன் திட்டத்துக்கு 'ஆரோக்கியத்தை நோக்கி வழிசெலுத்துதல்' என்ற பொருளில் அந்தச் சொல்லையே சூட்டியது.

சராசரிக்குள் மறைந்தவர்கள்

ஹவாயில் எந்த இனமும் தனிப் பெரும்பான்மை இல்லை. ஜப்பானியர், பிலிப்பினோக்கள், சீனர், வெள்ளையர், பூர்வகுடியினர், மைக்ரோனேசியத் தீவுகளிலிருந்து வந்தோர் என எல்லாரும் கலந்து வாழ்கிறார்கள். நோய் மட்டும் எல்லாரையும் ஒரேமாதிரி தாக்குவதில்லை. ஹவாயின் இனங்களில் மார்பகப் புற்றுநோயால் இறக்கும் விகிதம் பூர்வகுடிப் பெண்களிடம்தான் மிக அதிகம்.

இந்த வேறுபாடு அமெரிக்காவின் தேசியப் புள்ளிவிவரங்களில் நெடுங்காலம் கண்ணுக்குத் தெரியவில்லை. ஏனென்றால், 'ஆசியர் மற்றும் பசிபிக் தீவினர்' என்ற ஒரே கட்டத்துக்குள் எல்லாரையும் போட்டுக் கணக்கெடுத்தார்கள். எண்ணிக்கையில் பல மடங்கு அதிகமான ஆசியர்களின் நல்ல நிலவரம், தீவு மக்களின் மோசமான நிலவரத்தை மூடிவிட்டது. 1997இல்தான் அமெரிக்க அரசு தன் விதியை மாற்றி, ஹவாய்ப் பூர்வகுடியினருக்கும் ஏனைய பசிபிக் தீவினருக்கும் தனிப் பிரிவு வழங்கியது. கணக்கில் தனியாகத் தெரியாதவருக்குத் தனியாக நிதி ஒதுக்க யாருக்கும் தோன்றாது.

இந்த மறைவை விலக்கியதில் 1993இல் தொடங்கிய பல்லின ஆய்வுக்குப் பெரிய பங்குண்டு. ஹவாய்ப் பல்கலைக்கழகப் புற்றுநோய் மையமும் தென் கலிஃபோர்னியப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, 45 முதல் 75 வயது வரையிலான 2 லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரைத் தொடர்ந்து கண்காணித்து வருகின்றன. உணவு, புகைப்பழக்கம், குடும்ப வரலாறு என எல்லாம் பதிவாகின்றன.

2006இல் இதிலிருந்து வந்த ஒரு முடிவு பலரையும் திகைக்க வைத்தது. ஒரு நாளைக்கு 30 சிகரெட்டுக்கு மேல் போகாதவர்களை எடுத்துக்கொண்டால், அதே அளவு புகைக்கும் வெள்ளையர், ஜப்பானியர், லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர் ஆகியோரைவிட ஹவாய்ப் பூர்வகுடியினருக்கும் கறுப்பினத்தவருக்கும் நுரையீரல் புற்றுநோய் ஆபத்து தெளிவாகவே அதிகமாக இருந்தது. 'நான் கொஞ்சமாகத்தானே பிடிக்கிறேன்' என்ற ஆறுதல் எல்லாருக்கும் ஒரேமாதிரி பொருந்தாது என்பதே இதன் பொருள். புகைப்பதை நிறுத்த உதவும் திட்டங்களை எந்த மக்களிடம் முதலில் கொண்டு போக வேண்டும் என்பதற்கும் இது விடை சொன்னது.

பிரிக்கும் நோயின் நினைவு

பரிசோதனைக்கு அழைத்தால் மக்கள் ஏன் வருவதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. ஆனால் மொலொக்காயின் வடகரைக்குப் போனால் வேறு விடை கிடைக்கும். செங்குத்தான மலைச்சுவரின் அடியில், கடலுக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் கலாவ்பாபா என்ற இடத்துக்கு, 1866 முதல் 1969 வரை ஏறத்தாழ 8,000 பேர் தொழுநோயாளிகள் என்று அனுப்பப்பட்டார்கள். பெரும்பாலோர் ஹவாய்ப் பூர்வகுடியினர். கணவனிடமிருந்து மனைவியும், தாயிடமிருந்து பிள்ளையும் பிரிக்கப்பட்டார்கள். அந்த மக்கள் தொழுநோய்க்கு வைத்த பெயரே 'பிரிக்கும் நோய்'. 1930இல் திறக்கப்பட்ட நம் சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பின் கதை தெரிந்தவர்களுக்கு இந்த வலி புரியும்.

மருத்துவர் ஒரு பெயரைச் சொன்னால் குடும்பமே சிதறும் என்பது ஒரு காலத்தில் அங்கே நடைமுறை உண்மை. அந்த நினைவுள்ள வீட்டுக்குள் வெள்ளைக் கோட்டோடு நுழைவதற்கும், பக்கத்துத் தெருப் பெண் வந்து திண்ணையில் உட்கார்ந்து பேசுவதற்கும் எவ்வளவோ வேறுபாடு உண்டு.

ஒவாஹூவின் மேற்குக் கரையிலுள்ள வையனாயில் 1990களில் நடந்த திட்டம் இதை நன்றாகப் புரிந்துகொண்டது. பூர்வகுடி மக்கள் அதிகம் வாழும் பகுதி அது. அங்கே 'கோக்குவா குழுக்கள்' அமைக்கப்பட்டன. கோக்குவா என்றால் பிரதிபலன் பாராமல் செய்யும் உதவி. பயிற்சி பெற்ற உள்ளூர்ப் பெண்கள், உறவினரும் தோழியருமாகச் சிலரைக் கூட்டி, மார்பகப் பரிசோதனை பற்றியும் கருப்பை வாய்ப் பரிசோதனை பற்றியும் பேசினார்கள். மேடையும் சொற்பொழிவும் கிடையாது. ஹவாயில் வழக்கமாக நடக்கும் மனம்விட்ட கதைப் பேச்சுதான். கூச்சம், பயம், 'வந்தால் தலைவிதி' என்ற எண்ணம் எல்லாம் அங்கே வெளியே வந்தன.

பலன் குழுவோடு நிற்கவில்லை. கூட்டத்துக்கு வராமல், அதைப் பற்றிக் கேள்விப்பட்ட பெண்களிடமும் மாற்றம் தெரிந்ததாக ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். ஒரு பெண் போய்வந்து 'வலிக்கவில்லை, பத்து நிமிடந்தான்' என்று சொன்னால், அது எந்தச் சுவரொட்டியும் செய்யாத வேலையைச் செய்கிறது.

அட்டை இல்லாதவருக்குத் துணை மட்டும் போதாது

இதில் ஓர் எல்லையும் உண்டு. மார்ஷல் தீவுகளை எடுத்துக்கொள்வோம். 1946 முதல் 1958 வரை அமெரிக்கா அங்கே 67 அணுகுண்டுச் சோதனைகளை நடத்தியது. 1954 மார்ச் 1ஆம் தேதி வெடித்த குண்டின் சாம்பல் ரொங்கெலாப் தீவு மக்கள்மேல் விழுந்தது. பின்னாளில் அவர்களிடையே தைராய்டுக் கட்டிகளும் புற்றுநோயும் தோன்றின.

அதே தீவுகளில் கருப்பை வாய்ப் புற்றுநோயும் உலகிலேயே மிக அதிகமாகக் காணப்படும் இடங்களின் வரிசையில் இருக்கிறது. இதற்குக் காரணம் கதிர்வீச்சு அல்ல, எச்.பி.வி. எனும் கிருமி. தடுப்பூசியாலும் பரிசோதனையாலும் தடுக்கக்கூடிய நோய் இது. ஆனால் சிதறிக் கிடக்கும் பவளத் தீவுகளுக்குப் பரிசோதனையையும், பிறகு அதன் முடிவையும், பிறகு சிகிச்சையையும் கொண்டு சேர்ப்பது பெரும்பாடு.

1986இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி மார்ஷல் தீவு மக்கள் விசா இன்றி அமெரிக்காவில் வாழலாம், வேலை செய்யலாம். பலர் ஹவாய்க்கு வந்தார்கள். ஆனால் 1996இல் வந்த ஒரு சட்ட மாற்றத்தால், வருமானம் குறைந்தோருக்கான மெடிகெய்ட் காப்பீட்டின் கூட்டரசு உதவியை இழந்தார்கள். அது திரும்பக் கிடைத்தது 2020 டிசம்பரில். இடையில் போனது 24 ஆண்டுகள். பரிசோதனையில் கட்டி தெரிந்த பிறகு, 'சிகிச்சைக்கு யார் பணம் தருவார்?' என்று கேட்டால் எந்த வழித்துணையிடமும் பதில் இருக்காது. மொலொக்காயில் திட்டம் வென்றதற்கு, அங்கிருந்தவர்கள் கையில் காப்பீட்டு அட்டை இருந்ததும் ஒரு காரணம்.

வெற்றிலைத் தட்டு நமக்கும் உண்டு

பசிபிக்கின் மேற்கு எல்லையில் இருக்கும் குவாம் தீவுக்குப் போனால் நமக்குப் பழக்கமான ஒன்றைப் பார்க்கலாம். விருந்தினர் வந்தால் வெற்றிலை பாக்கு. அங்குள்ள சமோரோ மக்கள் பாக்கைப் 'புகுவா' என்கிறார்கள். யாப், பலாவ் தீவினர் வெற்றிலை, சுண்ணாம்போடு புகையிலையும் சேர்த்து மெல்கிறார்கள். பெரியவர்களுக்கு மரியாதை, திருமணத்தில் சடங்கு, துக்க வீட்டில் ஆறுதல் எல்லாவற்றிலும் அதற்கு இடம் உண்டு.

புகையிலை சேர்ந்தால்தான் ஆபத்து என்று பலர் இன்னும் நம்புகிறார்கள். அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்ட தொகுப்பில், பாக்கே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று முதல் பிரிவில் வகைப்படுத்தியது. பாக்கிலுள்ள அரெகோலின் என்ற வேதிப்பொருள், வாயின் உள்தோலுக்கு அடியில் நார்ப்பொருள் அளவுக்கு மீறிச் சேரச் செய்கிறது. கன்னத்தின் உட்புறம் வெளுத்து, விறைத்து, நாளடைவில் வாயை முழுதாகத் திறக்க முடியாத நிலை வருகிறது. அவர்களில் சிலருக்கு அது வாய்ப் புற்றுநோயாக மாறுகிறது.

குவாம் பல்கலைக்கழகமும் ஹவாய்ப் புற்றுநோய் மையமும் 2003 முதல் கூட்டாகப் பணியாற்றுகின்றன. பாக்குப் பழக்கத்தை விட உதவும் முறைகளை, புகைப்பழக்கத்தை விடுவிக்கும் முறைகளின் மாதிரியில் வடிவமைத்து, குவாமிலும் சைப்பானிலும் முறையான சோதனை நடத்தினார்கள். பழக்கத்தைப் பழிக்காமல், அதன் பின்னால் இருக்கும் மரியாதையை மதித்துப் பேசுவதே அந்த அணுகுமுறையின் அடிப்படை. 'உங்கள் பாட்டி செய்தது தவறு' என்று தொடங்கும் பேச்சை யாரும் காதுகொடுத்துக் கேட்கமாட்டார்கள்.

இது நமக்குத் தூரத்துச் செய்தி அல்ல. மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் விகிதம் மற்ற இனத்துப் பெண்களைவிட இந்தியப் பெண்களிடம் அதிகம் என்பதைத் தேசியப் புற்றுநோய்ப் பதிவேடு காட்டுகிறது. தோட்டப்புறங்களில் வேலைக் களைப்புக்கு வெற்றிலை போட்டுப் பழகிய தலைமுறையின் கதை அதில் இருக்கிறது. சுகாதார அமைச்சின் பல் மருத்துவக் குழுக்கள் 1990களின் இறுதி முதல் தோட்டங்களுக்கும், சபா, சரவாக்கின் உட்பகுதிகளுக்கும் சென்று வாய்ப் பரிசோதனை செய்து வருகின்றன. எந்தக் கருவியும் தேவையில்லை. நல்ல வெளிச்சமும் பயிற்சி பெற்ற கண்ணும் போதும்.

ஆனாலும், 2012 முதல் 2016 வரை நம் நாட்டில் பதிவான புற்றுநோய்களில் நிலை தெரிந்தவற்றுள் ஏறத்தாழ 64 விழுக்காடு மூன்றாம் அல்லது நான்காம் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கப்பட்டன. நமக்கும் மருத்துவமனைக்கும் நடுவில் பசிபிக் பெருங்கடல் இல்லை. பலருக்கு அரசாங்கக் கிளினிக் அரை மணி நேரத் தூரம்தான். இருந்தும் தாமதம் ஏன்? வேலைக்கு விடுப்பு, பேரப்பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், மலாய் மொழியில் படிவம் நிரப்பத் தயக்கம், ஆண் மருத்துவராக இருந்தால் என்ன செய்வது என்ற கூச்சம், எல்லாவற்றுக்கும் மேலாக 'ஏதாவது இருக்கிறதென்று சொல்லிவிட்டால்?' என்ற பயம். மொலொக்காய் முதியவர்களின் தயக்கத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

கருப்பை வாய்ப் பரிசோதனையில் கூச்சத்துக்கு இன்று ஒரு மாற்று உண்டு. 2018இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் முயற்சியில் தொடங்கிய ரோஸ் திட்டத்தில், பெண்கள் தாங்களே மாதிரியை எடுத்துக் கொடுக்கலாம். முடிவு கைப்பேசிக்கு வந்துசேரும். பெருங்குடலுக்கும் அப்படியே. மலத்தில் கண்ணுக்குத் தெரியாத இரத்தம் இருக்கிறதா என்று பார்க்கும் எளிய பரிசோதனைக்கு வீட்டிலேயே மாதிரி எடுத்துவிடலாம்.

வழித்துணையாக இருக்க மருத்துவப் பட்டம் தேவையில்லை என்பதுதான் தீவுகள் தரும் நல்ல செய்தி. ஆலய மகளிர் குழுவில், குடியிருப்பாளர் சங்கத்தில், உங்கள் வீட்டிலேயே அதைத் தொடங்கலாம். வெற்றிலை போடும் அத்தையிடம், 'அத்தை, வாயைக் கொஞ்சம் திறந்து காட்டுங்கள்' என்று கேளுங்கள். கன்னத்தின் உள்ளே வெள்ளைத் திட்டு, சிவப்புத் திட்டு, இரண்டு வாரத்துக்கு மேல் ஆறாத புண் ஏதாவது தெரிந்தால் பல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். ஐம்பது வயது தாண்டிய அம்மாவிடம் 'மெமோகிராம் எடுங்கள்' என்று சொல்வதோடு நிறுத்திவிடாமல், தேதி வாங்குங்கள், காரில் ஏற்றுங்கள், வெளியே நாற்காலியில் உட்கார்ந்து காத்திருங்கள். மொலொக்காயில் அந்த விழுக்காட்டை உயர்த்தியது ஏறக்குறைய இவ்வளவுதான்.